ஹெட்செட்டுக்குள் ஒரு சபை: மேடை பயத்துக்கு வி.ஆர். சிகிச்சை

மேடை பயத்துக்கு வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி, கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகம்) ஹெட்செட்டை, அதாவது கண்ணை மூடும் திரைக்கண்ணாடியை, மாட்டிச் சிகிச்சை தருகிறார்கள் என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் உடனே கேட்பது இதுதான்: “கம்ப்யூட்டர் பொம்மைங்க முன்னாடி பேசி என்ன ஆகப் போகுது? அதெல்லாம் நிஜம் இல்லைன்னுதான் எனக்கே தெரியுமே!” நியாயமான கேள்வி. இதற்குப் பதில் பிடிபட்டால் இந்தச் சிகிச்சையில் பாதி புரிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மெல் ஸ்லேட்டர் என்ற வி.ஆர். ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கணினியில் உருவாக்கிய ஒரு கருத்தரங்க அறை. எதிரே எட்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் கணினி உருவங்கள். அந்தக் காலத்து கிராபிக்ஸ். இன்றைக்கு மொபைல் கேம் ஆடும் பையன் யாராவது பார்த்தால் சிரித்துவிடுவான். இந்த எட்டுப் பேரை மூன்று விதமாக நடந்துகொள்ள வைத்தார்கள். ஒரு சபை அசையாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். இன்னொன்று பேச்சாளரைப் பார்த்துத் தலையாட்டும், புன்னகைக்கும். மூன்றாவது சபை கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சுவாரசியமே இல்லாமல் சாய்ந்து கிடக்கும்.

மூன்றாவது சபையிடம் மாட்டியவர்களுக்குப் படபடப்பு எகிறியது. வழக்கமாகத் தைரியமாகப் பேசுகிறவர்களும் தப்பவில்லை. இத்தனைக்கும் எதிரே இருப்பது படம் என்று அத்தனை பேருக்கும் தெரியும். 2006ல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் தெளிவானது. மேடை பயம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் அழைத்து, சிலரைக் காலியான வி.ஆர். அறையிலும் சிலரை உருவங்கள் நிறைந்த அறையிலும் பேச வைத்தார்கள். பயம் இல்லாதவர்களுக்கு இரண்டு அறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பயம் உள்ளவர்களுக்கோ, காலி அறையைவிட ‘ஆட்கள்’ இருக்கும் அறையில் பதற்றம் கூடுதலாக இருந்தது. வெறும் ஹெட்செட்டோ புதிய இடமோ காரணம் என்றால் இரண்டு அறையிலும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டும். அவர்களைப் பயமுறுத்தியது அந்தப் பொம்மைகளின் பார்வைதான்.

நம் மூளையில் ஆபத்தைக் கண்காணிக்கும் பகுதி, “இது நிஜமா, படமா” என்று விசாரித்து முடிக்கும் வரை காத்திருப்பதில்லை. பத்துப் பதினைந்து ஜோடிக் கண்கள் நம் பக்கம் திரும்பினால் போதும், அட்ரினலின் கிளம்பிவிடும். இதயம் வேகமெடுக்கும், வாய் உலரும், உள்ளங்கை வியர்க்கும். “அட, படம்தானே” என்ற அறிவு அப்புறம்தான் வந்து சேரும். அது வந்தாலும் படபடப்பு உடனே அடங்குவதில்லை.

ஹெட்செட் இந்த ஏமாற்றை எப்படிச் சாதிக்கிறது? இரண்டு கண்ணுக்கும் இரண்டு வேறு படம் காட்டுவதால் ஆழம் தெரிகிறது. அதைவிட முக்கியம், தலையைத் திருப்பினால் அறையும் அதற்கேற்ப மாறுவது. டிவியில் ஒரு கூட்டத்தைக் காட்டினால், பிடிக்காவிட்டால் சுவரைப் பார்க்கலாம். இங்கே சுவரைப் பார்த்தாலும் அது அந்த அறையின் சுவர்தான். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்கிற உணர்வும், ‘இங்கே நடப்பது நிஜமாகவே நடக்கிறது’ என்கிற உணர்வும் தனித்தனி என்று ஸ்லேட்டர் பிறகு பிரித்துச் சொன்னார். மேடை பயத்தைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் கனமானது. நான் பேசும்போது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கிறார், நான் தடுமாறும்போது போனை எடுக்கிறார் என்றால், உருவம் எவ்வளவு மோசமாக வரைந்திருந்தாலும் உள்ளே ஏதோ ஒன்று நம்பிவிடுகிறது.

சரி, பயத்தைக் கிளப்ப முடிகிறது. அதைக் குறைப்பது எப்படி?

பயம் ஏன் தானாகப் போவதில்லை

மேடை பயம் உள்ளவர் என்ன செய்வார்? தவிர்ப்பார். கல்லூரி செமினார் அன்றைக்குக் காய்ச்சல் வரும். ஆபீஸில் பிரசன்டேஷன் என்றால், “ஸ்லைடு எல்லாம் நான் பண்ணித் தர்றேன், நீங்க பேசிடுங்க” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் தள்ளிவிடுவார். கல்யாண மண்டபத்தில் யாராவது மைக்கை நீட்டினால் சாப்பாட்டு ஹால் பக்கம் நகர்ந்துவிடுவார். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் ஒரு பெரிய நிம்மதி கிடைக்கும். சிக்கலே அந்த நிம்மதிதான். ‘தப்பித்ததால்தான் பிழைத்தோம்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. பேசியிருந்தால் உண்மையில் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வருவதில்லை.

அதனால் மருந்தும் அதற்கு நேர் எதிரில் இருக்கிறது. பயப்படும் சூழலுக்குள் படிப்படியாகப் போய், ஓடாமல் நின்று, நினைத்த விபரீதம் நடக்கிறதா என்று பார்ப்பது. இதை எக்ஸ்போஷர் தெரபி என்கிறார்கள். தமிழில் எதிர்கொள்ளும் சிகிச்சை என்று சொல்லலாம். இது ஹெட்செட்டைவிட மிகப் பழையது. 1924ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனின் கதையை வெளியிட்டார். அவனுக்குப் பிடித்த தீனியைக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்; கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். 1958ல் தென்னாப்பிரிக்காவின் ஜோசஃப் வோல்பே இதை முறையான சிகிச்சையாக எழுதினார்: உடலைத் தளர்த்தி உட்கார வைத்து, பயப்படும் காட்சிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக மனதில் கற்பனை செய்ய வைப்பது. 1966ல் கார்டன் பால் அந்த முறையை மேடை பயம் உள்ள கல்லூரி மாணவர்களிடமே சோதித்தார். மனதின் ஆழத்தை அலசும் பேச்சுச் சிகிச்சையைவிட இது நன்றாக வேலை செய்தது.

ஆனால் கற்பனை எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது. ‘நூறு பேர் உங்களைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்’ என்றால் சிலருக்குக் காட்சியே வராது; சிலர் கற்பனையிலும் தப்பித்துவிடுவார்கள். நிஜக் கூட்டத்தை ஏற்பாடு செய்வதோ பெரும்பாடு. வாராவாரம் நாற்பது பேரை யார் கூட்டிவந்து, “நீங்க கொஞ்சம் கொட்டாவி விடுங்க சார்” என்று கேட்பது?

வி.ஆர். உள்ளே நுழைந்தது இந்த இடைவெளியில்தான். 1995ல் அட்லாண்டாவில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழுவினர் உயரத்துக்குப் பயப்படுகிறவர்களைக் கண்ணாடி லிஃப்டிலும் தொங்கு பாலத்திலும் வி.ஆர். வழியாக ஏற்றிப் பார்த்து, பலன் இருப்பதாக எழுதினார்கள். 1998ல் மேக்ஸ் நார்த் குழுவினர் அதே வழியை மேடை பயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்போதெல்லாம் இது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துச் சமாச்சாரம். கருவிகளின் விலை அப்படி. 2016 வாக்கில் நல்ல ஹெட்செட்டுகள் கடைக்கு வந்த பிறகுதான் சாதாரண மனநல கிளினிக் ஒன்று இதை யோசிக்கவே முடிந்தது.

ஓர் அமர்வை உள்ளே போய்ப் பார்த்தால்

ஆபீஸ் மீட்டிங்கில் பேசப் பயப்படும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்செட்டை எடுப்பதற்கு முன்பே சிகிச்சையாளர் ஒரு கேள்வி கேட்பார்: “என்ன நடக்கும்னு பயப்படறீங்க? ஒரு வரியில சொல்லுங்க.” அவர் சொல்கிறார்: “நடுவுல வார்த்தை வராது. நான் நிறுத்தினா எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் என்னால தொடரவே முடியாது.” இதை அப்படியே தாளில் எழுதிக்கொள்கிறார்கள். நடக்க எவ்வளவு வாய்ப்பு? “நூத்துக்கு எண்பது.” அதையும் எழுதுகிறார்கள்.

அப்புறம் ஹெட்செட். சின்ன மீட்டிங் அறை, ஐந்து பேர். சிகிச்சையாளர் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண் பார்ப்பது அவருக்கும் திரையில் தெரிகிறது. பேச்சு தொடங்குகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, “இப்ப எவ்வளவு இருக்கு?” என்ற கேள்வி மட்டும் காதில் விழும். பூஜ்யம் என்றால் முழு நிம்மதி, நூறு என்றால் தாங்க முடியாத பதற்றம். இந்த அளவுகோலும் வோல்பே விட்டுச்சென்றதுதான். “எழுபது.” பேச்சு தொடர்கிறது. சிகிச்சையாளர் ஒரு பட்டனைத் தட்ட, ஓரத்தில் இருப்பவர் போனைப் பார்க்கத் தொடங்குகிறார். “எண்பத்தஞ்சு.” குரல் உடைகிறது, ஆனாலும் பேசுகிறார்.

அடுத்து வருவதுதான் விஷயமே. “இப்ப வேணும்னே நிறுத்துங்க. பத்து செகண்ட் எதுவும் பேசாதீங்க. அவங்க முகத்தையே பாருங்க.”

பத்து விநாடி அமைதி மேடையில் எவ்வளவு நீளம் என்பது மைக் முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் நிற்கிறார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான். திரும்பப் பேசத் தொடங்குகிறார், வார்த்தை வருகிறது. ஹெட்செட்டைக் கழற்றியதும் முதல் வேலை அந்தத் தாளை எடுப்பது. “சிரிப்பாங்கன்னு சொன்னீங்க. என்ன ஆச்சு?” “சிரிக்கலை.” “தொடர முடியாதுன்னு சொன்னீங்க.” “தொடர்ந்தேன். ஆனா கை நடுங்கிச்சு.” “நடுங்கட்டும். அடுத்த தடவை நடுக்கத்தோடவே பேசுவோம்.”

பொம்மைகள் சிரிக்காதது ஏற்பாடுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் பிந்தைய அமர்வுகளில் அவர்களைச் சிரிக்கவும், முகம் சுளிக்கவும், குறுக்கே கேள்வி கேட்கவும் வைப்பார்கள். அப்போது சோதனைக்கு வருவது வேறு கணிப்பு: ‘யாராவது சிரித்தால் நான் உடைந்துபோவேன்’ என்பது. ஒருவர் சிரித்த பிறகும் நாம் பேசி முடித்தோம் என்ற அனுபவம், யாருமே சிரிக்கவில்லை என்பதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது என்பது என் எண்ணம்.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இது பேச்சுப் பயிற்சி வகுப்பு கிடையாது. நன்றாகப் பேசினாரா, கையசைவு சரியா, உச்சரிப்பு எப்படி என்று யாரும் மார்க் போடுவதில்லை. கடையில் விற்கும் பல வி.ஆர். பேச்சுப் பயிற்சி செயலிகள் நிமிடத்துக்கு எத்தனை சொல், எத்தனை ‘ம்ம்’, யாரை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கணக்கெடுத்துத் தருகின்றன. பயம் இல்லாமல் பேச்சை மட்டும் மெருகேற்ற நினைப்பவருக்கு அது உதவலாம். ஏற்கெனவே ‘எல்லோரும் என்னை எடை போடுகிறார்கள்’ என்று தவிப்பவரிடம் ஒரு மதிப்பெண் அட்டையை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் ஊன்றுகோல்கள்

பயப்படுகிறவர்கள் மேடையில் தங்களைக் காத்துக்கொள்ளச் சில வேலைகள் செய்வார்கள். வரிக்கு வரி எழுதிவைத்து வாசிப்பது, சபையைப் பார்க்காமல் பின்சுவரைப் பார்ப்பது, நடுக்கம் தெரியாமலிருக்க மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது, சீக்கிரம் முடிக்க மூச்சுவிடாமல் கொட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் பாவம், சமாளிக்கிறார் என்று தோன்றும். ஆனால் இவை இருக்கும் வரை, ‘சுவரைப் பார்த்ததால்தான் தப்பித்தேன்’ என்று பழைய கணக்கே தொடரும். அதனால் சிகிச்சையில் ஒவ்வொன்றாகக் கைவிடச் சொல்வார்கள். வி.ஆரில் இது சுலபம்: தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது சிகிச்சையாளரின் திரையிலேயே தெரியும். “மூணு நிமிஷமா அந்த ஜன்னலையே பாக்கறீங்க” என்று சொல்லிவிடலாம்.

ஆழ்ந்த மூச்சு விடுவதும் சில நேரம் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூச்சுப் பயிற்சி கெட்டது இல்லை. ஆனால் ‘படபடப்பு வந்தால் ஆபத்து, உடனே அடக்க வேண்டும்’ என்ற எண்ணத்தோடு செய்தால் அதுவும் ஒரு ஓட்டம்தான். படபடப்போடு பேச முடியும் என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் படபடப்பு கொஞ்சம் இருந்தாக வேண்டும்.

நடுக்கம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதிலும் நம் கணக்கு தப்பாகத்தான் இருக்கும். அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003ல் வெளியிட்ட ஆய்வில், பேச்சாளர்கள் தங்கள் பதற்றம் பார்ப்பவர்களுக்குத் தெரிவதாக நினைத்த அளவுக்கு அது தெரியவில்லை. அதைவிடச் சுவையானது, யாரிடம் இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவைத்தார்களோ, அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். அதனால்தான் பேசும்போது வீடியோ எடுத்து அப்புறம் போட்டுக் காட்டும் பழக்கமும் சிகிச்சையில் உண்டு. ‘நிலநடுக்கம் மாதிரி இருந்தது’ என்று சொன்னவர் வீடியோவில் தன் கையைத் தேடிப் பார்ப்பார்.

எவ்வளவு பலன்?

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஜ் ஆண்டர்சன் குழுவினர் 2013ல் வெளியிட்ட ஆய்வில் 97 பேர் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் சமூகப் பதற்றக் கோளாறு, அதாவது பிறர் தங்களை எடை போடுவார்கள் என்ற கடுமையான பயம். முக்கியமான பயம் மேடைப் பேச்சு. ஒரு தரப்புக்கு 8 அமர்வுகளில் வி.ஆர். சிகிச்சை, மீட்டிங் அறை, வகுப்பறை, பெரிய அரங்கம் என்று சபை வளர்ந்துகொண்டே போகும். இன்னொரு தரப்பு குழுவாகக் கூடி, ஒருவர் முன் ஒருவர் நிஜமாகவே பேசியது. மூன்றாவது தரப்பு சிகிச்சை தொடங்காமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காத்திருப்போர் பட்டியலில். சிகிச்சை பெற்ற இரு தரப்பும் காத்திருந்தவர்களைவிட நன்றாகத் தேறின. இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் கழித்தும் பலன் நிலைத்திருந்தது. கனடாவின் கியூபெக்கில் ஸ்டெஃபான் பூஷார் குழுவினர் 59 பேரிடம் 14 வாரம் நடத்தி 2017ல் வெளியிட்ட ஆய்வில், முக்கிய அளவுகோலில் வி.ஆர். வழி நிஜ எதிர்கொள்ளலைவிட ஒரு படி மேலேயே இருந்தது. சிகிச்சையாளர்களுக்கும் அது நடைமுறையில் எளிதாக இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வி.ஆர். அற்புதம் எதுவும் செய்துவிடவில்லை, நிஜக் கூட்டத்துக்குச் சமமாக ஈடு கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. கூட்டம் சேர்க்கும் தலைவலி இல்லாமல் அது கிடைக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டாக்ஹோமில் ஃபிலிப் லிண்ட்னர் குழுவினர் செய்து 2019ல் வெளியிட்டது. 50 பேர், கடையில் வாங்கக்கூடிய சாதாரண ஹெட்செட், சாதாரண மென்பொருள், மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வு. பலன் இருந்தது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள் பிறகு அதே பயிற்சியை வீட்டிலேயே தாங்களாகச் செய்தபோதும் பலன் இருந்தது. ஆனால் அமர்வோடு அவர்கள் விட்டுவிடவில்லை. அடுத்த நான்கு வாரம், ஹெட்செட்டில் கற்றதை நிஜ வாழ்க்கையில் செய்து பார்க்க இணையம் வழியே வழிநடத்தினார்கள். இந்த இரண்டாம் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை.

அது ஏன் அவசியம் என்றால், பழைய பயம் அழிந்துபோவதில்லை. மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்கள் சொல்வது இது: ‘கூட்டம் என்றால் ஆபத்து’ என்ற பழைய பாடம் அப்படியே இருக்கும், அதன் பக்கத்தில் ‘கூட்டம் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை’ என்ற புதிய பாடம் சேரும். இரண்டும் போட்டி போடும். புதியதை ஒரே அறையில், ஒரே ஹெட்செட்டில், ஒரே சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கற்றால், வேறு இடத்துக்குப் போனதும் பழையது ஜெயித்துவிடும். அதனால் இடத்தை மாற்று, தலைப்பை மாற்று, சபையை மாற்று, கடைசியில் நிஜ மனிதர்களிடம் போ என்கிறார்கள்.

நம் ஊர் வாசகர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல். இந்த மென்பொருள்களில் வரும் சபை பெரும்பாலும் கோட் போட்ட வெளிநாட்டு மீட்டிங் அறை. நம்மில் பலருக்குப் பயம் அங்கே இல்லை. ‘இங்கிலீஷ்ல தப்பா பேசிட்டா காலேஜ்ல கிண்டல் பண்ணுவாங்க’, ‘சொந்தக்காரங்க முன்னாடி உளறிட்டா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க’ என்பதுதான் நம்முடைய பயம். சித்தப்பாவை வி.ஆரில் இன்னும் யாரும் செய்யவில்லை. ஆகவே பாதி வழி ஹெட்செட், மீதி வழி நிஜச் சபை என்பது நமக்கு இன்னும் பொருந்தும்.

யாருக்கு வேண்டாம், எங்கே கேட்பது

ஹெட்செட் மாட்டினால் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். கண் பார்க்கும் அசைவும் காதின் சமநிலை உறுப்பு உணரும் அசைவும் பொருந்தாததால் வருவது. நல்ல வேளையாக மேடைப் பேச்சில் ஓர் இடத்தில் நின்றுகொண்டுதான் பேசுவோம் என்பதால், ரோலர் கோஸ்டர் விளையாட்டு அளவுக்குத் தொல்லை இருக்காது. வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. திக்குவாய் இருப்பவர்களுக்கு மேடை பயம் கூடவே இருக்கலாம், ஆனால் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பேச்சுப் பயிற்சி நிபுணரை. பயம் மேடையோடு நிற்காமல் கடையில் பேசவும் போனை எடுக்கவும் தடுக்கிறது என்றாலோ, மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது என்றாலோ, தானாக ஹெட்செட் வாங்கிப் பரிசோதிக்க வேண்டாம். மனநல நிபுணரைப் பாருங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால், இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நிபுணரிடம் போகும்போது ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: “ஹெட்செட்ல முடிச்ச பிறகு நிஜக் கூட்டத்துல பேசற பகுதி உங்க திட்டத்துல இருக்கா?” இல்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம்.

சிகிச்சையை முடித்துப் பல மாதம் கழித்து, இடையில் ஒரு மேடையும் ஏறாமல் இருந்துவிட்டு, திடீரென்று அழைப்பு வந்தால் பழைய படபடப்பு எட்டிப் பார்க்கும். சிகிச்சை தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; பழைய பாடம் உள்ளேதான் இருக்கிறது என்றோமே, அதுதான். பேச வேண்டிய நாளுக்கு முந்தைய வாரம் ஹெட்செட்டில் ஓரிரு முறை பேசிப் பாருங்கள். ஹெட்செட் இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே பத்து விநாடி நிறுத்துங்கள்.